கம்பிக்கு எட்டாத கை

நீங்கள் ரெண்டு பேரும் வெளியூர் விடுதியில் இருந்த அந்த வருஷம், தை மாதத்திலிருந்து என் இடது கை தோளுக்கு மேலே ஏறவில்லை. போனில் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்களாம். ஓடி வந்து என்ன செய்திருப்பீர்கள்? ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள். "அப்பா, அசையாம உக்காருங்க" என்றிருப்பீர்கள். எனக்கு வினையே அந்த வார்த்தைதான். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், எனக்குப் பாடம் மட்டும் எடுக்காதீர்கள்.

மினிபஸ் கண்டக்டருக்கு வலது கை டிக்கெட் கிழிக்கிற கை, சில்லறை கொடுக்கிற கை. ஆளைத் தாங்குவது இடது கைதான். தலைக்கு மேலே ஓடுகிற கம்பியை அது பிடித்துக்கொண்டால்தான் தென்காசியில் கிளம்பி இலஞ்சி, குற்றாலம், ஐந்தருவி என்று போகிற வண்டியில் ஆளுக்குள் ஆளாக நுழைந்து போக முடியும். அந்தக் கைதான் நின்றுபோனது. காது வரைக்கும்கூட வரவில்லை. முதுகைத் துவட்ட முடியாது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்ல. தோள்மூட்டு உறைஞ்சு போச்சு. சுகர் இருக்கவங்களுக்கு வரும்" என்றார்.

"உறையுறதுக்கு நான் என்ன தேங்காய் எண்ணெயா சார்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிசியோவிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குள் சேதி பஸ் முதலாளி காதுக்குப் போய்விட்டது. ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனி பொறந்தா சாரல் விழுந்திரும். அருவிக்கு வார கூட்டத்துல கம்பியப் புடிக்காம எப்படிவே நிப்பீரு? விழுந்து கிழுந்து வச்சா எனக்குல்லா தலவலி? டைம் ஆபீசுல நாற்காலி கெடக்கு. பேன் இருக்கு. உக்காந்து வண்டி நேரத்த எழுதும்."

கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் திரும்ப வண்டி ஏறினதில்லை. எனக்கு முன்னால் கண் மங்கின ஒரு டிரைவர் அண்ணாச்சியை அங்கே உட்கார வைத்தார்கள். வண்டி வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பார். கொஞ்ச நாளில் எழுவதையும் விட்டுவிட்டார். அதன் பிறகு ஸ்டாண்டுக்கு வருவதையும் விட்டுவிட்டார். எனக்கு அவர் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

"சீசன் வரைக்கும் டைம் குடுங்க மொதலாளி" என்றேன்.

"சீசன் வரைக்கும்தான்" என்றார்.

அப்படித்தான் பிசியோ பார்க்கிற அந்தம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். ரத வீதிக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கிளினிக். லிப்ட் கிடையாது. நான் போன அன்றைக்குப் படியின் பாதியில் ஒரு ஆச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏசிக்கொண்டிருந்தார்.

"முட்டு வலிக்காரிக்கு மாடியில ஆசுபத்திரி வச்சிருக்கா பாரு. இவ உருப்படுவாளா?"

மேலேயிருந்து சத்தம் வந்தது. "கேட்டுச்சு ஆச்சி. போன வாரம் படியில உக்காந்து ஏசினிய. இன்னைக்கு நின்னுக்கிட்டு ஏசுதிய. தேறிட்டிய, ஏறி வாங்க."

அந்தம்மாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சுடிதார், காலில் கேன்வாஸ் ஷூ. சுற்றிப் பார்த்தேன். மூலையில் கரண்டு வைக்கிற மிஷின் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. ஊரில் அந்தம்மாவுக்குப் பேரே கரண்டு டாக்டர்தான். ஆனால் கரண்டு வைக்கிற மாதிரித் தெரியவில்லை.

"எங்க வலிக்குன்னு கேக்கலயே?" என்றேன்.

"அது சீட்டுல எழுதியிருக்கு. நீங்க இந்தக் கைய வச்சு என்ன வேல செய்யணும்? அதச் சொல்லுங்க."

"பஸ்ஸுல கம்பி புடிக்கணும். சீசனுக்குள்ள."

"சரி. சுவரு பக்கத்துல வாங்க."

"எண்ணெய் போட்டு உருவ மாட்டீகளா?"

"எண்ணெய் எதுக்கு அண்ணாச்சி, தாளிக்கவா?"

சுவரில் விரலை வைத்து எறும்பு மாதிரி மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். நெஞ்சு உயரம் தாண்டியதும் உயிர் போய் உயிர் வந்தது. துட்டும் நான் கொடுத்து வேலையும் நானே பார்க்கவேண்டும் என்றால் இது என்ன நியாயம்? வைத்தியம் என்றால் ஒருத்தர் நமக்குச் செய்யவேண்டும், நாம் கண்ணை மூடிக் கிடக்கவேண்டும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது.

கையை இறக்கப் போனேன். "இறக்காதீய. நான் ஒரு கத சொல்லுதேன். நான் சொல்லுதவரைக்கும் கை அங்கனயே நிக்கணும். கை இறங்கிச்சுன்னா கத அங்கனயே நின்னுரும்" என்றார்.

சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தந்திரம். எரிச்சலாக வந்தது. ஆனால் நாள் முழுக்க பஸ்ஸில் ஊர்ச் சங்கதி கேட்டுப் பழகினவன் நான். பாதியில் நிற்கிற கதை எனக்கு ஆகாது. அதை அந்தம்மா எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

இப்படித் துண்டு துண்டாகத்தான் அவர் கதை எனக்குக் கிடைத்தது. திருவேங்கடம் பக்கம், கரிசல்காடு. அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டில்தான். மகள் டாக்டராக வேண்டும் என்று வீட்டில் ஆசை, மார்க் எட்டவில்லை. கவுன்சிலிங்கில் ஒரு மாமா, "இதுக்கும் வெள்ளக் கோட்டுத்தான் தாயி" என்று சொல்லி இந்தப் படிப்பை எடுக்க வைத்தார். முதல் வருஷம் முழுக்க, யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

கை இறங்கிவிட்டது. கதை நின்றுவிட்டது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக் கதை. பயிற்சிக்குப் போன இடத்தில் பக்கவாதம் வந்த ஒரு பெரிய ஆள். போலீசில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். ஆள் ஆலமரம் மாதிரி. இவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க, அவர் அழுதுகொண்டே இருந்தாராம். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். பிறகு எதற்கு அழுகை? "எனக்குச் சட்டப் பட்டன் போடணும்மா. என் மருமவ போட்டு விடுதா. வெக்கமா இருக்கு" என்றாராம். அன்றோடு காலை விட்டுவிட்டு ஒரு பழைய சட்டையை அவர் மடியில் போட்டாராம் இந்தம்மா. எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்பதை அதிலிருந்து விட்டாராம்.

"அவரு பட்டன் போட்டாரா?"

"கையப் பாருங்க, இறங்குது."

"போட்டாரான்னு சொல்லுங்கம்மா!"

"மேல ஏத்துங்க, சொல்லுதேன்."

ஏற்றினேன். போட்டாராம். கீழ்ப் பட்டனை மேல் ஓட்டையில் மாட்டிக்கொண்டு கோணலாக வந்து நின்றாராம்.

அவருடைய அம்மாவின் கதையை மட்டும் என்னால் கேட்டு முடிக்கவே முடியவில்லை. பருத்தி மூட்டையோடு வரப்பில் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள். அந்த இடத்துக்கு வரும்போது என் கை கெஞ்ச ஆரம்பித்துவிடும். எத்தனையோ தடவை அதே இடம். "கட்டப் பிரிச்சப்புறம் என்ன ஆச்சு?" என்று படி இறங்கும்போது கேட்பேன். "அது ஒங்க தோளுகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

வீட்டில் நிலைமை வேறு. நம் வீட்டில் நான் சுகமில்லாதவன். உங்கள் அம்மா முகம் பார்க்கிற கண்ணாடியை இறக்கி என் நெஞ்சு உயரத்துக்கு மாட்டிவிட்டாள். சீப்பு, துண்டு, மாத்திரை டப்பா எல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டன. பார்க்க வந்த சனம் ரொட்டியும் சாத்துக்குடியுமாகக் கொண்டுவந்து, "அசைக்காதீய அண்ணாச்சி, அசைக்காதீய" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனது. ஒருத்தர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் மூலிகைக் கிழி கட்டி ஒத்தடம் வைக்கிறார் என்றார். இன்னொருத்தர் உறைந்த கையை அசைத்தால் கழன்று விழுந்துவிடும் என்றே சொன்னார். அவர் வங்கியில் வேலை பார்க்கிறவர்.

கண்ணாடிச் சங்கதியைப் பேச்சுவாக்கில் அந்தம்மாவிடம் சொல்லிவிட்டேன். உடனே உங்கள் அம்மாவுக்குப் போன். "அக்கா, கண்ணாடிய பழைய ஆணியிலயே மாட்டுங்க. சீப்ப அலமாரிக்கு மேல வைங்க. எடது கையால எடுக்க முடியலன்னா தல சீவாமப் போகட்டும்."

உங்கள் அம்மா போனை வைத்துவிட்டு என்னைத்தான் ஏசினாள். "அடிக்க ஒரு ஆணி, புடுங்க ஒரு ஆணி. எனக்கு இதுதான் சோலியா? சுவரு பூரா ஒங்க வெரல் அழுக்கு வேற. பொங்கலுக்குத்தான் வெள்ள அடிச்சது!"

வைகாசிக் கடைசியில் லேசாகச் சாரல் விழுந்ததும் உங்கள் மாமா சென்னையிலிருந்து குடும்பத்தோடு இறங்கிவிட்டான். வந்தவன் பையை வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான்.

"அத்தான், குத்தாலத்துக்கு இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு டாக்டர்கிட்ட போறிய. ஐந்தருவியில ஒரு மணி நேரம் தோளக் குடுத்து நில்லுங்க. அருவி அடிக்கிற அடியில எல்லாம் விட்டுரும்."

கூட்டத்தில் போய் இடிபட எனக்கு இஷ்டமில்லை. அந்தம்மா கூடாது என்று சொல்லிவிடுவார், அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துவிடலாம் என்று போன் போட்டேன்.

"தாராளமா போய்க் குளிங்க அண்ணாச்சி. ஒடம்புக்கு நல்லாயிருக்கும், தூக்கம் வரும். ஆனா அருவி மேல இருந்து கீழதான் விழும். ஒங்க கைய மேல தூக்கி விடாது."

இப்படி ஒரு டாக்டர். ரெண்டு நாள் போனேன், நின்றேன். மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, "விடுதா? விடுதா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். காதில் தண்ணீர் புகுந்ததுதான் மிச்சம். "ரெண்டு நாள் பத்தாது அத்தான், தொடர்ந்து நிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

ஆனாலும் சொல்லவேண்டும். அதற்குள் கிளினிக் சுவரில் என் விரல் சுவிட்சு போர்டைத் தாண்டிவிட்டது. வீட்டில் சீப்பை இடது கையாலேயே எட்டி எடுத்தேன். ஆனால் பஸ்ஸில் ஒன்றும் மாறவில்லை. கம்பி இருந்த இடத்தில் கம்பி, கை இருந்த இடத்தில் கை. முதலாளி ஸ்டாண்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேகத்தைப் பார்த்தார்.

"சுவத்துல ஏறுத கை பஸ்ஸுல ஏன் ஏறல?" என்று அந்தம்மா என்னைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் ஒங்க வண்டியில வாரேன்."

சொன்னபடி வந்து டிரைவருக்குப் பின்னால் சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். நான் என் வழக்கப்படி பின்பக்கம் கடைசி சீட்டில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. அப்புறம் நடந்தது எல்லாம் தினமும் நடப்பதுதான். முன்பக்கம் ஏறினவர்களிடம் ஒரு ஸ்கூல் வாத்தியார் காசு வாங்கிப் பின்னால் அனுப்பினார். காசு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. டிக்கெட் கைமாறி முன்னால் போனது. பூக்காரம்மா, "அண்ணாச்சி, நீரு அங்கனயே நில்லும், நான் வாங்கித் தாரேன்" என்று நடுவில் நின்று வசூல் பண்ணினார். டிரைவர் எனக்காக வளைவில் மெதுவாகப் போனார். எப்படிப்பட்ட சனம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தம்மாவும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பார்த்தார். இலஞ்சி தாண்டியதும் எழுந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் இடது கையை முழங்கைக்குக் கீழே தாங்கி, மெள்ள ஏற்றிக் கம்பியில் வைத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் பேசி முடிக்கிறவரைக்கும் புடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் இவருக்கு வைத்தியம் பாக்குதேன். இனிமே யாரும் இவருக்குக் காசு வாங்கிக் குடுக்கக் கூடாது" என்றார்.

பஸ்ஸில் ஒரே சத்தம்.

"ஏம்மா, மனுசன் கை வலியில கெடக்காரு. இரக்கம் வேண்டாமா?" என்றார் வாத்தியார்.

"காசு வாங்கிக் குடுத்தா ஒனக்கென்ன நட்டம்?" என்றார் பூக்காரம்மா. "படிச்சிட்டா என்ன வேணா பேசுவியளோ?"

"இரக்கத்துலதான் எங்கம்மா கை போச்சு" என்றார் அந்தம்மா.

என் தோளில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் இது நான் கேட்கக் காத்திருந்த இடம்.

"கட்டப் பிரிச்ச அன்னைக்கு டாக்டர், கையப் பாத்துக்கோங்கன்னு சொன்னாரு. நாங்க பாத்துக்கிட்டோம். எங்கய்யா தண்ணி எடுத்தாரு. நான் சோறு பொங்கினேன். சித்தி வந்து தல சீவி விட்டா. ஒரு தம்ளரக்கூட எங்கம்மாவ நாங்க தூக்க விடல. தெருவே எங்களப் புகழ்ந்துச்சு, இப்படியுமா ஒரு பிள்ளைன்னு. கையத் துண்டுல சுத்தி மடியிலயே வச்சிருந்தா. கடைசியில வெரலு மடங்கல. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொள பருத்தி அவளால எடுக்க முடியாது. யாரும் அடிச்சுக் கெடுக்கல. பாசமா இருந்தே கெடுத்தோம். இவரு சுவத்துல ஏத்துத கைய நீங்க எல்லாரும் சேந்து பஸ்ஸுல இறக்கி விடுதிய."

பூக்காரம்மா தன் கையில் வைத்திருந்த காசையெல்லாம் அவரவரிடமே திருப்பிக் கொடுத்தார். "இந்தா, ஒங்க காசு. வந்து வாங்கிக்கிடட்டும்."

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. இரக்கத்தை விட்ட சனம் ஒரேயடியாக விட்டுவிட்டது. முன்சீட்டில் இருந்துகொண்டு, "அண்ணாச்சி, நான் டிக்கெட் எடுக்கல, வாங்க" என்று வாத்தியார் கூப்பிடுவார். போய் வாங்கிக்கொண்டு திரும்பினால் கடைசியில் இருக்கிற காலேஜ் பிள்ளைகள் ரூபாய்த் தாளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டும். "இங்கன, இங்கன!" பூக்காரம்மா ஒரு படி மேலே போய், நான் கம்பியைப் பிடிக்காமல் சீட்டைப் பிடித்தால் கையில் பட்டென்று அடிப்பார். "கம்பியப் புடியும்வே. டாக்டரம்மா என்ன சொன்னாவ?" டிரைவர் வேண்டுமென்றே வளைவில் ஒடித்தார் என்று இன்றைக்கும் நான் சொல்வேன், அவர் இல்லை என்பார். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது எல்லோர் மேலும் எனக்குக் கோபமாக இருக்கும். அந்தம்மாவிடம் போய்க் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே சூட்டு ஒத்தடம் வைத்தார். பொறுக்கிற வலிக்கும் நிறுத்தவேண்டிய வலிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த நாளும் வண்டியில் போய் நில்லுங்கள் என்றார்.

ஆனி முடியும்போது சாரல் பிடித்துக்கொண்டது. அருவியெல்லாம் நிறைந்து விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஈரத் துண்டும் ஈர வேட்டியுமாக ஜனம் வண்டியைப் பிய்த்துக்கொண்டு ஏறியபோது, நடுவில் குடையோடு முதலாளியும் ஏறினார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

விசில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இடது கையை ஏற்றிக் கம்பியைப் பிடித்தேன். முழுசாக நீளவில்லை, முழங்கை கொஞ்சம் மடங்கியேதான் இருந்தது. ஆனால் பிடி பிடிதான். ஒரு எட்டு வைத்துக் கையை நகர்த்தினேன், டிக்கெட் கிழித்தேன், மறுபடி நகர்த்தினேன். ஒரு குழந்தை என் தோல்பையைப் பிடித்து இழுத்தது. தலையில் எண்ணெய் வழிய ஒருத்தர் என் கக்கத்துக்குக் கீழே வந்து நின்றுகொண்டார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஆட்கள் மொத்தமாக என் மேல் சாய்ந்தார்கள். தோள் எரிந்தது. இது பொறுக்கிற வலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாத்தியார் அன்றைக்கு வண்டியில் இல்லை. பூக்காரம்மா இருந்தார், வாயைத் திறக்கவில்லை. காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் வருகிறவரை காத்திருந்தார். முதலாளியிடம் வந்தபோது அவருக்கும் ஒரு டிக்கெட் கிழித்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

தென்காசி ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். முதலாளி கடைசியாக வந்து படியில் நின்றார்.

"டைம் ஆபீசுக்கு எங்க மச்சினன் மவன வரச் சொல்லிட்டேன்" என்றார். "சும்மாதான கெடக்கான். நாளைக்கு மொத டிரிப்பு நீரே எடும்."

அதோடு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை மாதம் நான் சுவர் ஏறினதற்கு ஒரு 'பரவாயில்லவே'யாவது சொல்லியிருக்கலாம். ஈர வேட்டியோடு சீட்டில் உட்கார்ந்து மெத்தையை நனைத்தவன் எவன் என்று கேட்டு என்னைத்தான் ஏசினார். ஏசிக்கொண்டே குடையை விரித்துக்கொண்டு போனார். மறுநாள் விடியுமுன்னே எழுந்து முதல் வண்டிக்குப் போனேன்.